நகல் என்ற இடத்தில் நான் எழுதிய ஒரு வரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்காக, முப்பத்து நான்கு வருட அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் மேலாளர் கேட்டார். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். வராவிட்டால் ஹேடோ துறைமுக வாசலில் நிற்கும் காவலர் சொல்லித் தருவார். அவர் குரல் அபர்டீன் பஜார் வரைக்கும் கேட்கும்.

நான் சொல்லப் போவது என் தவறு ஒன்றை. ஓய்வு பெற ஏழே மாதம் இருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டே செய்த தவறு. மேலாளரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

மேற்கே போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நம் தீவுகளின் தெற்குக் கோடியில் கேம்பல் பே துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நிறுத்தி, படகில் இறக்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் கொண்டு வந்தார்கள். (ஊருக்குப் பெயர் மாறிவிட்டது, என் வாய்க்கு இன்னும் மாறவில்லை.) கப்பல் காத்திருக்கவில்லை, போய்விட்டது. அவரும் ஒரு பையும் ஒரு பாஸ்போர்ட்டும் நம் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். குணமானதும் ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டியது நம் வேலை.

கப்பலின் மேல்தள ஆட்களுக்கு அவர் தலைவர். நம் பக்கத்தில் சாரங்கு என்போமே, அந்த வேலை. அவருடைய பெயரையும் நாட்டையும் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, அவ்வளவு போதும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் சாரங்கு என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவருக்கும் எனக்கும் நடந்த பேச்செல்லாம் உடைந்த ஆங்கிலத்தில். அதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அன்றைக்கே வழக்கமான கடிதத்தை அனுப்பினேன். நோயாளியின் பெயர், பாஸ்போர்ட் எண், எந்த ஆஸ்பத்திரி, என்ன காயம். கப்பல் கம்பெனிக்கு ஒன்று, இமிக்ரேஷனுக்கு ஒன்று. கீழே நகல் என்ற இடத்தில் தில்லியில் உள்ள அவருடைய நாட்டுத் தூதரகத்தின் முகவரியையும் சேர்த்தேன்.

அதை யாரும் கேட்கவில்லை. ஒரு மாலுமி இறந்துவிட்டால் அவருடைய தூதரகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். காயம் பட்டுக் கிடந்தால், அவர் விரும்பினால் மட்டும் சொன்னால் போதும். ஆனால் பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாலுமி இங்கே இறந்தபோது, ஏன் முதலிலேயே தெரிவிக்கவில்லை என்று அவருடைய தூதரகம் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கியது. அன்றிலிருந்து தலைவலி என்று ஒருவன் இறங்கினாலும் தூதரகத்துக்கு ஒரு நகல் போடுவேன். முன்னெச்சரிக்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மறுநாள் காலையிலேயே தில்லியிலிருந்து அழைப்பு வந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் எந்தத் தூதரகமும் என்னை இவ்வளவு சீக்கிரம் அழைத்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேசியவர் அத்தனை மரியாதை. எந்த வார்டு, எந்தக் கட்டில், எத்தனை நாளில் நடப்பார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பாஸ்போர்ட் எங்கே என்றார். என் மேசை இழுப்பறையில் என்றேன். சரிபார்க்க வேண்டியிருக்கிறது, கூரியரில் அனுப்புங்கள் என்றார். நாளைக்கே அனுப்புகிறேன் சார் என்று சொல்லிவிட்டு, நல்ல செய்தி கொண்டுபோகிற பெருமையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

“உங்க எம்பசில இருந்து பேசுனாங்க. ரொம்ப அக்கறையா விசாரிச்சாங்க” என்றேன்.

சாரங்கு கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார். புதிதாகக் கம்பி வைத்த தொடை. வலியில் முகம் கோணிப் போயிற்று.

“அவங்களுக்கு யார் சொன்னது?”

“கம்பெனியில இருந்து சொல்லியிருப்பாங்க” என்றேன். முதல் தவறாவது பழக்கத்தில் வந்தது. இந்தப் பொய்யைத் தெரிந்தே சொன்னேன்.

பிறகு அவர் சொன்னார். அவருடைய நாட்டில் அன்றும் இன்றும் ஜனாதிபதி ஒரே ஆள்தான்.

“நான் பொறக்கிறதுக்கு முன்னாடி அந்த நாற்காலியில உட்கார்ந்தவரு. எனக்கு நரை வந்திருச்சு. அவருக்கு வரல, சாயம் பூசிக்கிறாரு.”

தேர்தல் நடக்கும். அவர்தான் ஜெயிப்பார். சாரங்கின் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தேர்தலில் அவருடைய பள்ளிதான் வாக்குச்சாவடி, அவர்தான் பொறுப்பு. எண்ணி முடித்ததும் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளிக் கதவில் ஒட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அண்ணன் ஒட்டினார். லீவில் ஊருக்குப் போயிருந்த தம்பி அதைப் போனில் படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து அதே பள்ளிக்கு வேறு ஒரு கணக்கை வானொலியில் வாசித்தார்கள். இவர் படத்தை ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். இவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் லாரியில் ஏறிப் பக்கத்து நாட்டுக்குத் தப்பி, அங்கேயே மனைவியையும் மகளையும் வரவழைத்துக்கொண்டு, அங்குள்ள துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்.

“அண்ணன் எங்க இருக்காருன்னு தெரியுமா?”

“நாலு வருஷமா அம்மா ஒவ்வொரு ஜெயில் வாசல்லயும் சாப்பாட்டுப் பாத்திரத்தோட போய் நிக்கிறாங்க. எந்த வாசல்ல பாத்திரத்தை வாங்குறாங்களோ, அந்த ஜெயில்லதான் அவன் இருப்பான். இன்னும் யாரும் வாங்கல.”

அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அந்த மனிதரின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் கட்டில் எண்ணையும், அவர் யாரிடமிருந்து ஓடி வந்தாரோ அவர்களிடமே நான் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன்.

நேராக இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். வங்காளிக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என் மகள் வயது. இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் யார் என்று கேட்டால், ஓய்வுக்கு ஏழு மாதம் முன்பு கிடைத்த அவரைத்தான் சொல்வேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அங்கிள், பாஸ்போர்ட் கிஸ்கா ஹை?” பாஸ்போர்ட் யாருடையது?

“சாரங்கோடது.”

“அப்ப உங்க இழுப்பறையில ஏன் இருக்கு?”

பத்திரத்துக்காக என்றேன். சிரித்தார். பிறகு, அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள் என்றார். “போனில் கேட்டது கேட்டதே ஆகாது அங்கிள். நியாயமான விஷயம்னா யாரும் எழுதத் தயங்க மாட்டாங்க.” இந்தியில் அவர் சொன்ன இதை நான் தமிழில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது உங்களில் யாருக்கு அந்த மேசையோ தெரியாது. தாள் அங்கேதான் இருக்கும்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாரங்கின் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினேன். தில்லிக்காரர் மறுபடி அழைத்தபோது, பாஸ்போர்ட் உரியவரிடம் இருக்கிறது, உங்கள் கோரிக்கையை எழுதி அனுப்புங்கள் என்றேன். மரியாதை அந்த நிமிடமே கழன்று விழுந்தது. பெரிய இடத்து விவகாரம், உன் லைசென்ஸ் என்ன ஆகும் தெரியுமா என்றார். அதையும் எழுதி அனுப்புங்கள் என்றேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். போனை வைத்ததும் முதல் வேலையாக நம் லைசென்ஸ் ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

எழுதி எதுவும் வரவில்லை. ஆனால் யாரோ யாரிடமோ பேசி, நம் மேலாளருக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்.

“பாய், நமக்கு எதுக்கு இந்த வம்பு? நாம கப்பலுக்கு ஏஜென்ட்டு. ஊர்ல இருக்குற நாயம் அநியாயத்துக்கெல்லாம் ஏஜென்ட்டா?”

“அதேதான் சார் நானும் சொல்றேன். நாம கப்பலுக்கு ஏஜென்ட்டு. அந்த ஜனாதிபதிக்கு எப்ப ஏஜென்ட்டு ஆனோம்?”

அவர் போங்க என்று கையைக் காட்டினார். ஆனால் என்னைத் தடுக்கவும் இல்லை. மேலாளர் நாற்காலிக்கு அதுவே பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் போகப் போகப் புரியும்.

மூன்று வாரத்தில் சாரங்கு கட்டையை ஊன்றி நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கம்பெனியிலிருந்து டிக்கெட் வந்தது. சென்னை, வளைகுடாவில் ஒரு விமானம் மாறல், கடைசியில் அவருடைய நாட்டுத் தலைநகரம். டிக்கெட் போடும் பிரிவுக்காரர்கள் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். என்னைப் போலவே பழக்கம். மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் அதை அவரிடம் காட்டினேன்.

அவர் டிக்கெட்டைத் திருப்பித் தந்தார். குரல் உயரவே இல்லை. “இந்த ஆஸ்பத்திரிப் படி எத்தனை இருக்குன்னு எண்ணி வச்சிருக்கேன். இன்னொரு காலும் ஒடிஞ்சா இன்னும் ஒரு மாசம் இங்க இருக்கலாம்ல?”

அந்த வார்டில் இருந்த நர்ஸ், இங்கே தெற்கே உள்ள கச்சால் தீவுப் பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருக்கு ஆங்கிலம் புரியும். சாரங்கு சொன்னது காதில் விழுந்திருக்கிறது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“பாய், ஊருக்குக் கிளம்பலாம்னு டாக்டர் சொன்னதுலேருந்து ரெண்டு நாளா இவரு சோறு தொடல. எங்க தாத்தாவ ரெண்டு நாடும் எனக்கு வேணாம் ஒனக்கு வேணாம்னு தள்ளுனாங்களாம். இவர ஒரு நாடு வேணும் வேணும்னு இழுக்குது. அது இன்னும் பயமா இருக்கு பாய். என்னமாச்சும் பண்ணுங்க.”

அலுவலகத்துக்கு வந்து சாரங்கின் வேலை ஒப்பந்தத்தை எடுத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஒப்பந்தங்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். சம்பளம், காலம், கையெழுத்து, இந்த மூன்றைத் தவிர எதையும் படித்ததில்லை. அன்றைக்கு முதல் வரியிலிருந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: வேலையில் சேர்ந்த இடம், பக்கத்து நாட்டுத் துறைமுகம். திருப்பி அனுப்புவது பற்றிய பக்கத்தில், சேர்ந்த இடத்துக்கே அனுப்பும்படி மாலுமி கேட்கலாம் என்று இருந்தது. இரண்டு வரிகள், மூன்று வாரமாக என் அலமாரியில்.

சாரங்கிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கினேன். என் கடிதத்தையும் சேர்த்துக் கம்பெனிக்கும் கப்பல் கேப்டனுக்கும் அனுப்பினேன். இந்த முறை நகல் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுகிறோம் என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதினேன்.

பதில் வருவதற்குள் தில்லியிலிருந்து ஆள் வந்துவிட்டது. தூதரகத்துக்காரர் இல்லை, அவர்களுக்காக வெளி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஒருவர். போர்ட் பிளேர் புழுக்கத்தில் கழுத்துவரை டை கட்டியிருந்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் பார்வையாளர் நேரத்தில் வந்து சாரங்கின் கட்டிலருகே நின்றார். நர்ஸ் போன் செய்ததும் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

நான் உள்ளே போனபோது சாரங்கின் மடியில் ஒரு தாள் இருந்தது. சொந்த விருப்பத்தில் தாய்நாடு திரும்புகிறேன் என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

“பஸ், ஏக் சைன் சாஹியே” என்று என்னிடம் சொன்னார் டைக்காரர். ஒரே ஒரு கையெழுத்துப் போதுமாம்.

பிறகு தன் போனை எடுத்துச் சாரங்கின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு வயதான அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடி போட்ட ஒரு பாத்திரம். படம் எடுப்பவரைப் பார்த்துப் பயந்த முகம்.

“அம்மா நலமாக இருக்கிறார். போன வாரம் எடுத்தது. உனக்காகக் காத்திருக்கிறார்” என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார் டைக்காரர். குரலில் அத்தனை கனிவு.

சாரங்கு பேனாவை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவின் வாசலுக்குப் படம் எடுக்க ஆள் போனது என் கடிதத்தால்தான். எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது. பாதி அந்த ஆள் மீது, பாதி என் மீது. டைக்காரர் என்னைப் பார்த்து, இது தனிப்பட்ட பேச்சு, வெளியே இருங்கள் என்றார்.

நான் கட்டிலருகே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பையிலிருந்து அலுவலகக் கடிதத்தாளை எடுத்தேன்.

“இவர் எங்க பொறுப்புல இருக்குற மாலுமி. இவர்கிட்ட யார் கையெழுத்து வாங்குனாலும் நான் குறிச்சுக்கணும் சார். உங்க பேரு சொல்லுங்க. யார் அனுப்புனாங்க? அந்தப் போட்டோவ எடுத்தது யாரு? எதுக்காக இவர்கிட்ட காட்டுனீங்க? நீங்களே எழுதிக் கொடுத்தாலும் சரி.”

“எதற்கு?”

“எங்க ஆபீஸ் வழக்கம். எல்லாத்தையும் எழுதி, எல்லாருக்கும் ஒரு நகல் அனுப்புவேன். இமிக்ரேஷனுக்கு ஒண்ணு, கப்பல் கம்பெனிக்கு ஒண்ணு, மாலுமிச் சங்கத்துக்கு ஒண்ணு. நகல் அனுப்புறதுல என்னை மிஞ்ச இந்தத் தீவுல ஆள் கிடையாது.”

நான் பேசியது இந்தியில். தீவு இந்தி, இலக்கணம் தலைகீழாக இருக்கும். ஆனால் அவருக்குப் புரிந்தது. கடிதத்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேரைச் சொல்லவில்லை. சாரங்கின் விரலிடுக்கிலிருந்து பேனாவையும் மடியிலிருந்து தாளையும் எடுத்துக்கொண்டார்.

“விசிட்டிங் டைம் முடிஞ்சிருச்சு சார்” என்றார் நர்ஸ் பின்னாலிருந்து. சுவர்க் கடிகாரப்படி இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டைக்காரர் போய்விட்டார்.

அடுத்த நாள் கேப்டனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: அவர் எங்கே ஏறினாரோ அங்கேயே அனுப்புங்கள். மாலையில் கம்பெனி புது டிக்கெட் அனுப்பியது. அந்த டிக்கெட்டுக்காக நம் மேலாளரும் ஒரு கடிதம் எழுதியிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் அவர் இன்றுவரை அதைச் சொன்னதில்லை.

விமான நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். அந்தப் பெண் அதிகாரி தன் வேலையைச் செய்தார், முத்திரை குத்தினார், பாஸ்போர்ட்டைச் சாரங்கின் கையிலேயே கொடுத்தார். சாரங்கு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது சொன்னேன்.

“எம்பசிக்கு எழுதுனது கம்பெனி இல்ல. நான்தான். யாரும் கேக்கல. பழக்கத்துல எழுதிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் ஊன்றுகட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“எங்க ஊர்ல அரண்மனைக்குப் பேர் எழுதிக் கொடுக்குறவங்கள்ல பாதிப் பேர் கெட்டவங்க இல்ல” என்றார். “தபால்காரர், ஆஸ்பத்திரி கிளார்க், துறைமுகத்து ஆளு. எல்லாரும் உங்கள மாதிரிதான், படிவத்துல இடம் இருந்தா நிரப்பிருவாங்க. அந்தக் கிழவர் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது பட்டாளத்தால மட்டும் இல்ல.” பிறகு என் கையைப் பிடித்தார். “நீங்க அப்புறம் உட்கார்ந்தீங்களே, அந்த ஸ்டூல்ல. அதையும் மறக்க மாட்டேன்.”

என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மகளோடு எடுத்த படம் ஒன்றை இரண்டு மாதம் கழித்து அனுப்பினார். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு வரி. அம்மாவை மூன்று முறை விசாரணைக்கு அழைத்துப் போய்த் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்போதும் வாரத்துக்கு ஒருநாள் பாத்திரத்தோடு ஜெயில் வாசலுக்குப் போகிறாராம். அண்ணனைப் பற்றிய தகவல் இல்லை. அந்த மூன்று விசாரணைகளும் என் கணக்கில் இருக்கின்றன. யாரும் கழித்துத் தர முடியாது.

இனி உங்களுக்கு. காயம்பட்ட மாலுமிக்கான கடிதப் படிவம் நம் அலுவலகக் கணினியில் இருக்கிறது, திறந்து பாருங்கள். கம்பெனி முகவரி இருக்கும், இமிக்ரேஷன் முகவரி இருக்கும். நகல் என்று இருக்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது. புதிதாக வந்த ஒருவர் அது விட்டுப்போயிற்று என்று நினைத்து நிரப்பப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் மேலாளர் கேட்டதும் உடனே எழுத உட்கார்ந்தேன்.

அது விட்டுப்போகவில்லை. என் கடைசி வேலை நாளில் நான்தான் அழித்தேன். அங்கே யார் பெயரையாவது போட வேண்டுமென்றால், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலில் கிடப்பவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.